கதவில் இருந்த கை

அக். 12, 2005. புதன்

விடியற்காலையிலிருந்து மழை. ஷெட் கூரை மூன்று இடத்தில் ஒழுகல். வாளி இரண்டு, குண்டான் ஒன்று வைத்தாயிற்று. சூளைக்கு மேல் தார்ப்பாய். கண்ணாடித் துண்டு மூட்டைகளைத் தனியாளாக மேஜை மேல் ஏற்றினேன், முதுகு போச்சு.

செய்ய வேண்டியவை: கூரைக்கு ஆள். கரண்ட் ஆபீஸ். பிளாஸ்டர் இரண்டு மூட்டை. வெளிநாட்டுக் கண்காட்சிக்காரர்களுக்குப் பதில். (சுனாமியில் பிழைத்த பெண்களின் முகங்களைக் கண்ணாடியில் வார்த்துத் தர முடியுமா என்று மூன்றாவது கடிதம். என் 'கைகள்' அவர்களை உலுக்கிவிட்டதாம். உலுக்கட்டும்.)

பதினோரு மணிக்கு கேட்டில் ஒரு பெண். முப்பத்தைந்து இருக்கும். கழுத்தில் சின்ன சிலுவை. நனைந்துகொண்டே நின்றாள். உள்ளே வா என்றால் வாசப்படியோடு நின்றுவிட்டாள்.

"கண்ணாடியம்மா நீங்கதானுங்களா?"

"ஆமாம்மா."

"எங்க வூட்டுக்காரரு கை உங்ககிட்ட இருக்குதாமே. வாங்கிட்டுப் போவலாம்னு வந்தேன்."

மரக்காணம். பெயர் புஷ்பம். புருஷன் அருளப்பன், உப்பளத்தில் வேலை. போன வருஷம் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலை, குழம்புக்கு மீன் வாங்கக் கரைக்குப் போனவர். அவ்வளவுதான். உடம்பு கிடைக்கவில்லை. வீட்டிலும் தண்ணீர் புகுந்து துணிமணி, போட்டோ, கல்யாண வேட்டி எல்லாம் போய்விட்டது.

வர்ற நவ. 2 கல்லறைத் திருநாள். எல்லோரும் கல்லறைக்கு வெள்ளையடித்து, பூ போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். இவளுக்கு ஏற்ற ஓர் இடம் கிடையாது. ஃபாதரைக் கேட்டிருக்கிறாள். "அவரோடது எதுனா ஒண்ணு கொண்டாம்மா, மந்திரிச்சி வச்சி மூடலாம்" என்றாராம். அவரோடது ஒன்றுமில்லை. கூட வேலை பார்த்த கோவிந்தன்தான் ஞாபகப்படுத்தினாராம்: நம்ம கை எல்லாத்தையும் அந்தம்மா கண்ணாடியில எடுத்தாங்களே.

"சும்மா மண்ண மூட முடியாதும்மா" என்றாள். "உள்ள எதுனா இருக்கணும்."

கை என்னிடம் இல்லை, சென்னையில் ஓர் ஓட்டலில் இருக்கிறது என்றேன். ஓட்டலில் என்னவாக இருக்கிறது என்று சொல்லவில்லை. டீ குடிக்காமல் போனாள்.

அக். 13

தூக்கம் சரியில்லை. எழுதிவிடுகிறேன், இதை யார் பார்க்கப் போகிறார்கள்.

2004 மார்ச். உப்பள ஆட்கள் பன்னிரண்டு பேர் இங்கே வந்து வரிசையாக உட்கார்ந்து கையை நீட்டினார்கள். பிளாஸ்டரில் அச்சு எடுத்துக் கண்ணாடியில் வார்த்தேன். பன்னிரண்டும் ஓட்டலில் கதவுக் கைப்பிடிகள். யோசனை என்னுடையது. சாதாரணக் கைப்பிடிக்குப் பதில் ஒரு கண்ணாடிக் கை நீட்டிக்கொண்டிருக்கும். அதைப் பிடித்துத்தான் கதவைத் திறக்கணும். "உழைப்பவன் கையைக் குலுக்கி உள்ளே வாருங்கள்" என்று கையேட்டில் எழுதிக் கொடுத்ததும் நானேதான். இருபது வருஷம் மயிலும் கிருஷ்ணனும் கலர் கண்ணாடியில் வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தவளை ஒரே வருஷத்தில் பெரிய ஆர்ட்டிஸ்ட் ஆக்கியது அந்தக் கைகள்தான்.

தண்ணீர் வந்துபோன பிறகு அந்தப் பன்னிரண்டு பேரில் யார் இருக்கிறார், யார் இல்லை என்று நான் ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. பத்து மாதம். இங்கிருந்து மரக்காணம் பஸ்ஸில் அப்படி என்ன தூரம்?

பத்து மாதமாகச் செத்தவர் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டு சாப்பிடப் போகிறார்கள். காலையில் பாத்ரூம் தாழ்ப்பாளைத் தொடவே ஒரு மாதிரி இருந்தது.

ஓட்டலுக்கு போன். மேனேஜர் மரியாதையான ஆள். "கதவு மொட்டையா இருக்கக் கூடாது மேடம். ஒரு கை கொடுங்க, ஒரு கை எடுத்துக்கங்க. எது வேணும்?"

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். எது அருளப்பனுடையது என்று எனக்குத் தெரியாது.

அக். 17. திங்கள்

புஷ்பத்துடன் சென்னை. காலை ஆறரை பஸ். வழியெல்லாம் தண்ணீர், உப்புப் பாத்திகள் குளமாகிக் கிடந்தன. கைப்பிடி விஷயத்தை பஸ்ஸில்தான் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். "நெறய பேர் வருவாங்களா அந்த ஓட்டலுக்கு?" என்று மட்டும் கேட்டாள். நிறைய என்றேன்.

வாசலில் செக்யூரிட்டி அவளை நிறுத்தினான். "வேலைக்கு வர்றவங்க பின்பக்கம் போங்கம்மா." எனக்கு வந்த கோபம்! "இவங்க என் கெஸ்ட்" என்று கத்தி, முன்வாசல் வழியாகவே அழைத்துப்போனேன். அதில் ஒரு பெருமை வேறு.

பன்னிரண்டு இல்லை, பதினொன்றுதான் இருந்தது. ஒன்றை அப்போதே வேறெங்கோ மாற்றிவிட்டதாக மேனேஜர் சொன்னார். உடைந்திருக்கும் என்று விட்டுவிட்டேன்.

புஷ்பம் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு கண்ணை மூடி முதல் கையைப் பிடித்தாள். ஏ.சி.யில் கண்ணாடி ஐஸாக இருந்திருக்கும். தலையாட்டினாள், இல்லை. இரண்டாவது, "இவரு யாரோ வயசானவரு." மூன்றாவதில் விரல் குட்டை. இப்படி ஒவ்வொரு கதவாக. கோட் போட்ட ஒருவர் பின்னால் காத்திருந்து பார்த்துவிட்டு அடுத்த கதவில் போனார்.

ஏழாவது கதவு. பிடித்தவள் விடவில்லை. ரொம்ப நேரம். கண்ணைத் திறக்காமலேயே, "இதான்மா."

"நிச்சயமா?"

"கைக்குத் தெரியாதா?"

வார்த்தவள் நான். எனக்குத் தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்தது. திரும்பும்போது மாமல்லபுரம் தாண்டும்வரை அழுதேன். அவள் அழவில்லை, என் தோளைத் தட்டிக்கொண்டு வந்தாள்.

அக். 18

மாற்றுக் கைக்கு யாரைக் கேட்பது? இனி ஒருவரிடம் போய்க் கையை நீட்டுங்கள் என்று கேட்க வாய் வராது. என் கையே போகட்டும்.

ஒண்டியாளாக எடுத்தேன். வலது கையில் வாசலின் தடவி பிளாஸ்டருக்குள் விட்டாயிற்று. மிச்ச வேலை பூரா இடது கையால். பாதியில் மூக்கு அரித்தது. பிறகு போன் அடித்தது. அடித்து ஓய்ந்தது.

அக். 21. வெள்ளி

மெழுகு நகல் நன்றாக வந்திருக்கிறது. என் கை இவ்வளவு கிழண்டு போயிருப்பது தெரியாது.

மதியம் மெழுகைச் சுற்றி வெளி அச்சு. பிளாஸ்டரும் குவார்ட்ஸ் தூளும் கலக்கிக்கொண்டிருக்கும்போதே இறுகிப்போனது. மெழுகின் மேல் ஊற்றியது போக பாதி வாளி கல். நாக்கில் வைத்துப் பார்த்தேன்: கரிப்பு. நல்ல தண்ணீர் டிரம் காலியாக இருக்கிறதே என்று நேற்று போர் தண்ணீரை நானே பிடித்து ஊற்றியிருக்கிறேன். உப்புப் பட்டால் பிளாஸ்டர் அவசரமாக இறுகும், அச்சு பலமில்லாமல் போகும், கண்ணாடியில் வெள்ளை படியும். உப்பு ஊரில் பதினோரு வருஷம் குப்பை கொட்டிவிட்டு இதைச் செய்த முதல் முட்டாள் நான். அதுவும் மூன்று பாத்திரத்தில் மழைத் தண்ணீர் வழிந்துகொண்டிருக்கும்போது!

திரும்பச் செய்ய நாள் இல்லை. மெழுகை உருக்கி வெளியேற்றி, துண்டுக் கண்ணாடி நிரப்பி, நாளைக்கே சூளை. உருகுவது ஒரு நாள். ஆறுவதுதான் நாலு நாள். அவசரப்பட்டுத் திறந்தால் படீரென்று போய்விடும்.

அக். 25

சூளை ஆறிக்கொண்டிருக்கிறது. கரண்ட் இரண்டு தரம் போனது, உடனே வந்துவிட்டது. நல்ல காலம்.

மழை விடவில்லை. ஷெட்டில் உட்கார்ந்திருந்தால் கை நீட்டிக்கொண்டு வரிசையாக ஆட்கள் உட்கார்ந்திருக்கிற நினைப்பு. முகம் வரவில்லை, முழங்கைக்குக் கீழே மட்டும்தான் வருகிறது. அருளப்பன் முகத்தை ஞாபகப்படுத்திப் பார்த்தேன். எவ்வளவு முயன்றாலும் கிடைக்கவில்லை. பயமாக இருந்தது. எழுந்து போய் ரேடியோ போட்டேன்.

அக். 29. சனி

என் கையை அச்சை உடைத்து எடுத்தேன். விரல் முட்டி, இடுக்கு எல்லாம் வெள்ளைப் பூச்சு. ஓட்டலுக்குக் கொண்டுபோனேன்; மேனேஜருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. "இந்த ஃபினிஷ் புதுசா மேடம்? கிளாஸா இருக்கு." ஆமாம் என்று சொல்லிவைத்தேன்.

ஏழாவது கதவில் இருந்ததைக் கழற்றி, என் கையை மாட்டியாயிற்று. பித்தளைப் பூணைக் கழற்றியபோது மணிக்கட்டின் அடியில் நான் வைர ஊசியால் கீறிய எண் தெரிந்தது: 4. எண் போட்டதே மறந்துபோயிருந்தது.

பஸ்ஸில் துண்டில் சுற்றி மடியில். கண்டக்டர்: "இன்னாம்மா அது, சாமி சிலையா?" ஆமாம் என்றேன். இன்றைக்கு எல்லாவற்றுக்கும் ஆமாம்.

நேரே மரக்காணம் போய் புஷ்பத்திடம் கொடுத்தேன். தகர வீடு. நாத்தனாரும் இருந்தாள். புஷ்பம் கையை வாங்கி, மாதா படத்துக்குக் கீழே வைத்து, முந்தானையால் மூடினாற்போலத் தொட்டுக்கொண்டே இருந்தாள். "வந்துட்டாரு" என்றாள். என்னை உட்காரவைத்துச் சோறு போட்டாள். நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

அக். 30. ஞாயிறு

சும்மா இருந்திருக்கலாம். எண் 4 என்று இருந்ததே என்று 2004 நோட்டை எடுத்துப் பார்த்தேன்.

4. கோவிந்தன். வ.கை.
9. அருளப்பன். இ.கை. (வலதில் உப்புப் புண்.)

மூன்று தரம் படித்தேன். பிறகு எல்லாம் ஞாபகம் வந்தது, முகத்தைத் தவிர. மாட்டிய புதிதில் ஓட்டலிலிருந்து புகார்: ஒன்று இடது கை மேடம், வர்றவங்களுக்கு இடது கையை நீட்டினா மரியாதையா இருக்காது. எங்கே வேண்டுமானாலும் மாட்டிக்கொள்ளுங்கள் என்று நான்தான் சொன்னேன். அதுதான் அந்தப் பன்னிரண்டாவது.

கோவிந்தன் உயிரோடு இருக்கிறார். திடமாக இருக்கிறார். அவர் கை மாதா படத்துக்குக் கீழே இருக்கிறது. புதன்கிழமை புதைக்கப் போகிறார்கள். குழி வெட்டப்போகிறவரும் அவரேதான், புஷ்பம் நேற்றுச் சொன்னாள்.

சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியாது. இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஆனால் மத்தியானம் முழுக்க அதைத்தான் யோசித்தேன்.

அக். 31. திங்கள்

சொல்லிவிட்டேன். அவள் வீட்டுக்குப் பின்னால், நாத்தனார் காதில் விழாமல். நோட்டையும் காட்டினேன்.

புஷ்பம் நோட்டைப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாலு நாளு கரையில தேடினோம்மா. எங்க எங்கியோ கொண்டாந்து போட்டிருந்தாங்க. ஒவ்வொண்ணா துணிய வெலக்கிப் பாக்கணும். எனக்குக் காலே வரல. அப்ப கோவிந்தண்ணன்தான் கையப் புடிச்சி இட்டுனு போனாரு. நாலு நாளும் வுடல. அதான் கைக்குத் தெரிஞ்சிருக்குது."

நான் நோட்டை மூடினேன்.

"உசுரோட இருக்கிறவரு கையப் பொதைக்க இருந்தேனே" என்று நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். "அவருகிட்ட சொல்லாதீங்கம்மா. புள்ளகுட்டிக்காரரு." உள்ளே போய்க் கோவிந்தன் கையை அதே துண்டில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தாள். "அந்த எடது கை எங்க இருக்குது? போவலாம் வாங்க."

நவ. 1. தீபாவளி

வெடி, புகை, காலி பஸ். ஓட்டலில் மேனேஜர் லீவு. இடது கை எங்கே என்று விசாரித்தால், பின்பக்கம், பாத்திரம் கழுவுகிற இடத்துக்குப் போகும் கதவு. வேலைக்காரர்கள் வருகிற வழி. அன்றைக்கு அந்த செக்யூரிட்டி சொன்ன வழியிலேயே இவளை விட்டிருந்தால் முதலில் புருஷன் கையைத்தான் தொட்டிருப்பாள். என் கௌரவம் கெடுத்தது.

பாத்திரம் கழுவும் பெண்கள் நாலைந்து பேர். அதில் மூத்தவள்: "இதுவா? மொதல்ல நாங்களும் தொட மாட்டோம், பீச்சாங்கையா இருக்குதேன்னு. அப்பால பழகிப்போச்சு. ரெண்டு கையிலயும் பாத்திரம் இருந்தா முழங்கையால ஒரு இடி. இன்னைக்கு லேட்டுப்பா, திட்டு வுழாம பாத்துக்கோன்னு அதுங்கிட்டதான் சொல்லிட்டு உள்ள போவோம்." கட்டைவிரல் நுனி சிதறியிருந்தது. கைப்பிடி பூரா எண்ணெய்ப் பிசுக்கு.

புஷ்பம் இடது கையால் பிடித்தாள். கண்ணை மூடினாள். அந்தப் பெண்கள் குழாயை மூடிவிட்டார்கள்.

"தெரியலம்மா" என்றாள்.

மறுபடி பிடித்தாள். விரல் விரலாகத் தடவினாள். "பதினாலு வருசம். தெரியலியே."

அப்போதுதான் அழுதாள். வந்த நாளிலிருந்து முதல் தடவை. நான் பக்கத்தில் கட்டை மாதிரி நின்றேன்.

மூத்தவள் கேட்டாள்: "யாரு கைம்மா அது?"

"எங்க வூட்டுக்காரரு. சுனாமியில போயிட்டாரு."

அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் திருகாணியைக் கழற்றிக் கையை எடுத்ததும், "இப்படியே தராதீங்க" என்று பிடுங்கிக்கொண்டு போய், வெந்நீரில் சோப்புப் போட்டு, விரல் இடுக்கெல்லாம் தேய்த்துக் கழுவி, புது டவலால் துடைத்துக் கொடுத்தாள். நாலு பேரும் மொட்டையாகிவிட்ட அந்தக் கதவுவரை வந்தார்கள்.

பஸ்ஸில் புஷ்பம் மடியில் அதை வைத்துக்கொண்டு, "தெரியலன்னாலும் அவருதான" என்றாள். என்னிடம் கேட்டாளா, அதனிடம் சொன்னாளா தெரியவில்லை.

நவ. 2. புதன்

மழை இல்லை. மேகம் மட்டும். கல்லறைத் தோட்டம் முழுக்க செவ்வந்தி, சுண்ணாம்பு வாசனை. சின்ன மரப்பெட்டி. கோவிந்தன் குழி வெட்டி வைத்திருந்தார். முழங்கால் ஆழத்தில் தண்ணீர் ஊறிவிட்டது. சொம்பால் மொண்டு ஊற்றிக்கொண்டே இருந்தார். அவர் கையைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தேன், முடியவில்லை. ஃபாதர் தீர்த்தம் தெளித்து ஜெபம் சொன்னார். பெட்டியை இறக்கியவரும் கோவிந்தன்தான்.

மெழுகுவர்த்தி ஏற்றிய பிறகு புஷ்பம் என்னிடம் வந்தாள்.

"அச்சு எடுக்கிறப்ப அவரு கை எவ்ளோ நேரம் உங்ககிட்ட இருந்துச்சு?"

"இருபது நிமிஷம்."

"அவ்ளோ நேரமா! இன்னாம்மா பேசினாரு?"

எனக்குத் தெரியாது. பிளாஸ்டர் இறுகுகிறதா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்து இருபது நிமிஷம் ஒரு மனுஷன் கையைப் பிடித்திருக்கிறேன், குரல்கூட ஞாபகமில்லை. அதைச் சொல்லியிருக்கணும். அவள் முகத்தைப் பார்த்ததும் வாயில் வந்தது இது:

"சுடுதும்மான்னு சொன்னார். சொல்லிட்டுச் சிரிச்சார்."

பிளாஸ்டர் இறுகும்போது சூடேறும். யாருக்கும் சுடும். யாரும் சொல்வதுதான்.

புஷ்பம் முகம் மலர்ந்துவிட்டது. நாத்தனாரிடம் ஓடினாள். "சுடுதுன்னாராம்! சுடுதுன்னு சொல்லிட்டு சிரிச்சாராம்!" நாத்தனார் தன் அம்மாவிடம். "அவன் சின்னதுலயே சூடு தாங்க மாட்டானே" என்று அந்தக் கிழவி. பத்து மாதத்துக்குப் பிறகு வந்த சேதி போல அது கல்லறைக்குக் கல்லறை போய்க்கொண்டிருந்தது. சிரித்துக்கொண்டே அழுதார்கள். நான் செருப்பைத் தேடுகிற சாக்கில் வெளியே வந்துவிட்டேன்.

நவ. 3. வியாழன்

கூரைக்காரன் வரவில்லை. ஒரு பக்கத் தலைவலி. கண்காட்சிக்காரர்களுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்து தேதியோடு நிற்கிறது.

பத்து மணிக்கு கோவிந்தன் வந்தார். மேஜையில் அவர் கை இருந்தது; மறைக்க நேரமில்லை.

"இது யாரு கைம்மா?"

"உங்களுது."

திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்டியா? எனக்கே தெரியல போங்க." எடுத்துப் போகிறீர்களா என்றேன். "வேணாம்மா, வூட்டுல புள்ளைங்க பயப்படும்" என்று மேஜையில் வைத்துவிட்டார். போவார் என்று பார்த்தால் நின்றுகொண்டே இருந்தார். தலைத்துண்டை எடுத்து உதறினார், மறுபடி கட்டினார்.

"அன்னைக்கு நான் அருளு பக்கத்துலதாம்மா உக்காந்திருந்தேன்."

"எனக்கு ஞாபகம் இல்லை கோவிந்தன்."

"அவன் வாயே தொறக்கல. பீச்சாங்கைய குடுத்துட்டமே, அம்மா தப்பா நெனச்சிப்பாங்களோன்னு தலைய குனிஞ்சிகினே இருந்தான். சுடுதுன்னது நானு."

நான் தலை நிமிரவில்லை.

"நான் யாருகிட்டயும் ஒண்ணும் சொல்லல" என்றார். "நீங்களும் சொல்லிடாதீங்க. நேத்து ராத்திரிதான் புஷ்பம் வயிறார சாப்ட்டுச்சாம்."